பல்லாஸ்பத்திரி மாடி

பொன்னுராஜ்: ...மெதுவாப் பேசு மச்சான். கடையில ஆளு நிக்கிறாக.

சங்கரலிங்கம்: அவரு போயிட்டாரு. இப்ப இந்த உரக்கடையில நீயும் நானுந்தான். கவுன்சிலிங் யாருக்கு?

பொன்னுராஜ்: எம் மச்சினன் கர்ணனுக்கு. பண்ணைப்புரத்துல இருக்கான்ல.

சங்கரலிங்கம்: அவனுக்கென்ன?

பொன்னுராஜ்: தூக்கமில்ல. சூறைக்காத்துல திராட்சைப் பந்தல் சாஞ்சுச்சுல்ல, அதுல இருந்து... சோறு எறங்கல. யாருகூடயும் பேச்சில்ல. விடிஞ்சா பந்தலுக்குள்ள போயி சும்மா நிக்கிறான். பொண்டாட்டி பிள்ளைகளுக்குப் பயமா இருக்கு.

சங்கரலிங்கம்: எத்தனை நாளா?

பொன்னுராஜ்: மூணு மாசம். ஒருத்தருகிட்டப் போகத்தான் செஞ்சோம். போர்டு பெருசா இருந்துச்சு. படிப்பக் கேட்டா, மூணு நாள் கேம்புக்குப் போயி சர்டிபிகேட் வாங்குனேன்னாரு. ஆம்பள இப்படி அழலாமான்னு திட்டி அனுப்பிட்டாரு.

சங்கரலிங்கம்: அட பாவமே... தேனி அல்லிநகரத்துல ஒரு அம்மா இருக்காக. ஏஞ்சல்னு பேரு. பல்லாஸ்பத்திரிக்கு மேல, மாடியில.

பொன்னுராஜ்: அவுகளுக்கு லைசென்ஸ் இருக்குமா?

சங்கரலிங்கம்: ஏலே, உரக்கடைக்காரன்கிட்ட லைசென்ஸ் கேக்குற. அவுக பதிவுச் சான்றிதழ் செவுத்துல தொங்குது. எது வரைக்கும் செல்லும்னு எட்டி எட்டிப் பாத்தா, ஆணியில இருந்து கழட்டிக் கையிலயே கொடுத்துட்டாக. நம்பரப் போன்லயும் போட்டுப் பாருங்கன்னாக. கோவமே இல்ல. எங்கடையில எவனாச்சும் அப்படிக் கேட்டா நான் என்ன குதி குதிப்பேன்...

பொன்னுராஜ்: எட்டிப் பாத்தது யாரு?

சங்கரலிங்கம்: ...எங்க சித்தப்பா மகன். சுருளிராஜன். அவன்தான் போறான்.

பொன்னுராஜ்: வெளிய சொல்லிருவாகளா மச்சான்? அதான் பயம்.

சங்கரலிங்கம்: கேளு. ஒருநா பஸ் ஸ்டாண்டுல அவுகளே எதுக்க வந்திருக்காக. மொகத்தைக்கூடப் பாக்காமத் தாண்டிப் போயிட்டாக. இவனுக்கு மனசு சுருக்குன்னு ஆயிருச்சு. அடுத்த வாரம் கேட்டா, நீங்க கும்பிட்டா நானும் கும்பிடுவேன், நீங்க பேசாமப் போனா எனக்கு உங்களத் தெரியாதுன்னாகளாம்.

பொன்னுராஜ்: அப்படியும் ஒரு ஆளா...

சங்கரலிங்கம்: தூக்க மாத்திரை எழுதிக் கொடுங்கன்னா மாட்டேன்னுட்டாக. அது டாக்டர் வேலை, நான் எழுதக் கூடாதுன்னு சொல்லி, பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு லெட்டர் கொடுத்தாக. தெரியாத வேலையத் தெரியும்னு சொல்ற ஊருல, இது என் வேலையில்லைன்னு சொன்னாக பாரு... அப்பத்தான் எனக்கு மதிப்பே வந்துச்சு.

பொன்னுராஜ்: உனக்கா, சுருளிராஜனுக்கா?

சங்கரலிங்கம்: ...ரெண்டு பேருக்கும்தான். சொன்னான்ல.

பொன்னுராஜ்: சரி. வாசல்ல வண்டி நின்னா ஊரே கேக்குமே?

சங்கரலிங்கம்: கீழ பல்லாஸ்பத்திரி வாசல்ல போட வேண்டியது. கேட்டா பல்லு வலின்னு சொல்ல வேண்டியது.

பொன்னுராஜ்: மச்சான்...

சங்கரலிங்கம்: என்ன?

பொன்னுராஜ்: ஆறு மாசமா வியாழக்கிழமையானா கடைய அடைச்சுட்டு, பல்லுல வேர் வைத்தியம்னு தேனிக்குப் போற.

சங்கரலிங்கம்: ஆமா. அதுக்கு?

பொன்னுராஜ்: நானும் வந்ததுல இருந்து பாக்குறேன். நறுக்கு நறுக்குன்னு காய்க் கொய்யாவக் கடிச்சுக்கிட்டு இருக்க. சொல்லு மச்சான். நான் சிரிக்க மாட்டேன்.

சங்கரலிங்கம்: பல்லு முப்பத்திரண்டும் கெட்டியா இருக்கு மாப்ள. அந்தம்மா இல்லேன்னா இன்னைக்கு இந்தக் கடை தெறந்திருக்காது. வர்ற வியாழக்கிழமை என் வண்டியிலயே வா. கர்ணனக் கூப்பிடாத. அவனுக்கு இருக்கிறது தென்னந்தோப்பு, அதுக்கு உரம் கொடுக்குறது நான்... பந்தல் சாஞ்சது யாரு தோட்டத்துலன்னு எனக்குத் தெரியாதா?