வகுத்தால் வந்த எண்

— இரு, இரு. மறுபடி சொல்லு. அம்மா சாகுறதுக்கு முன்னாடி பேசி வெச்ச பதிவை நீ திறக்கவே இல்லை?

— இல்லக்கா. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்.

— அப்ப என் ரகசிய எண் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— அட போக்கா. என் எண்ணைத் திருடிட்டு என்னையே கேக்குறியா?

— பேச்சை மாத்தாத. அந்தப் பதிவுக்குப் பூட்டு செஞ்சு குடுத்தப்ப உங்க மாமா என்ன சொன்னார்? ஆளுக்கொரு பத்து இலக்கப் பகா எண், வேற எதாலயும் வகுபடாததா எடுத்து, ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டாம போடணும். ரெண்டையும் பெருக்கி வர்ற இருபது இலக்கம் மட்டும் திரையில தெரியும். ரெண்டு எண்ணையும் போட்டாதான் திறக்கும்.

— ஒருத்தர் எண் கையில இருந்தா, பெரிய எண்ணை அதால வகுத்தாலே மத்தவங்க எண் வந்துடும். அதை மட்டும் மாமா சொல்லல.

— அது எனக்கே தெரியும்.

— தெரியுமா? அப்ப நீ வகுத்துப் பாத்திருக்க.

— பாத்தேன். வீடு யாருக்குன்னு அம்மா அதுலதான் சொல்லியிருக்காங்க. நீ முன்னாடியே கேட்டு, உனக்கு ஆகாத இடத்தை வெட்டிடுவியோன்னு பயம். உனக்கு முந்திக் கேட்டுடலாம்னு வகுத்தா, என் எண்ணே வந்து நிக்குது. நான் போடும்போது எட்டிப் பாத்து, அதையே நீயும் போட்டிருக்க.

— நானும் அதே பயத்துலதான் வகுத்தேன். எனக்கும் என் எண்ணேதான் வந்துச்சு. நீதான் எட்டிப் பாத்திருக்கன்னு நினைச்சுட்டு இருக்கேன்.

— நம்பச் சொல்றியா? பத்து இலக்கத்துல பகா எண் நாப்பது கோடி இருக்கு. அதுல ரெண்டு பேரும் ஒண்ணையே எடுத்தோமாம்.

— மாமாவும் அதைத்தான் கேட்டார். அந்தப் பெரிய எண்ணை மிச்சமில்லாம வகுக்க நாலு எண் இருக்கணுமாம். ஒண்ணுங்கிற எண், அந்தப் பெரிய எண்ணே, அப்புறம் உன்னுது, என்னுது. இதுக்கு மூணுதான் இருக்கு. யாரோ காப்பியடிச்சிருக்கீங்கன்னார்.

— யாரோ என்ன யாரோ. பள்ளிக்கூடத்துலயே என்னைப் பாத்துத்தான கணக்கு எழுதுவ.

— சரி, எழுதினேன். இந்த எண்ணை நீ எப்படிப் பிடிச்சேன்னு சொல்லு. திருடியிருந்தா சொல்ல வராது.

— நீ முதல்ல.

— அம்மா போன் நம்பர். அது பகா எண் இல்ல. பகா எண் வர்ற வரைக்கும் ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே போனேன்.

— எவ்வளவு கூட்டின?

— பன்னெண்டு.

— நானும் பன்னெண்டுதான்டா கூட்டினேன்.

— நீயும் அம்மா நம்பரா?

— வேற எந்த நம்பர் எனக்கு மனப்பாடம்? அதை இப்ப வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. யாரோ ஒரு அம்மா எடுக்குறாங்க.

— தெரியும்க்கா. அவங்க நேத்து எங்கிட்ட கேட்டாங்க, 'தினமும் கூப்பிட்டு, பேசாம அழுதுட்டு வைக்குதே ஒரு பொண்ணு, அதுவும் உங்க வீடுதானாப்பா'ன்னு.