நெட்டையன் வண்டியின் ஊளை

உச்சிப்பொழுது. கல் குவாரிச் சாலை. ஒரு மரம் கிடையாது, ஓர் ஆள் கிடையாது... வெயில் மட்டும். இருட்டினால்தான் இதெல்லாம் நடக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். என்னோடு படித்தவனின் அத்தை மகனுக்கு நடந்தது இது.

எல்லோரும் அவனைக் கட்டையன் என்பார்கள். ஆள் குள்ளம், ரோஷம் மட்டும் ஆறடி. குவாரியில் லாரி ஓட்டினான். அவன் மனைவிக்கு அதே குவாரி ஆபீசில் வேலை. லாரிக்காரர்களோடு பேசுகிற ரேடியோ முன்னால் உட்கார்ந்து, எந்த லாரி எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு இவன் இரண்டாம் கணவன். முதல் கணவன் நெட்டையன். அவனும் அங்கேதான் ஓட்டினான்... இதே லாரியை.

நெட்டையன் செத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு மத்தியானம் நெஞ்சு வலி. வண்டியை ஓரங்கட்டி, மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினான். அவ்வளவுதான்... அமுக்கிய விரல் அப்படியே விறைத்துவிட்டது. அந்த மாதிரி ரேடியோவில் ஒருவர் பட்டனைப் பிடித்திருக்கும்வரை அடுத்தவர் பேச்சு ஏறாது. அவள் “என்னங்க, என்னங்க” என்று கதறியது எதுவும் அவனுக்குப் போகவில்லை. அவளுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. எஞ்சின் ஓட ஓட ரேடியோவுக்குள் ஏறும் ஊளை. ஊய்ய்ய்ங்... ஆட்கள் தேடிப் போய்ச் சேரும்வரை அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கட்டையன் நல்ல மனசோடுதான் அவளைக் கட்டிக்கொண்டான். ஆனால் பொறாமை புகுந்துவிட்டது. உயிரோடு இருப்பவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனை என்ன செய்வது? லாரியின் பழைய சீட்டில் பெரிய ஆள் உட்கார்ந்த குழி இருந்தது. சீட்டையே மாற்றினான். கேபினில் எப்போதும் ஒரு கிராம்பு வாசம்... பல்வலிக்கு நெட்டையன் ஓயாமல் கிராம்பு மெல்வானாம். கட்டையன் சோப்புப் போட்டுத் தேய்த்தான், பினாயில் ஊற்றினான். வாசம் போகவில்லை.

ஊளையும் போகவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறும். காலை எடுத்தால் இறங்கும். கட்டையன் ரேடியோவில் கூப்பிட்டால் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்... எதையோ கேட்பது போல. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டான்.

“ரேடியோவுல அந்தச் சத்தத்தை நாளைக்கு எடுத்துரப் போறேன்.”

அவள் கை தட்டிலேயே நின்றது. “எதுக்குங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“நான் பேசறது உனக்குக் கேக்க வேணாமா?”

“கேக்குதுங்க. அதோட சேத்துத்தான் கேக்குது.”

‘அதோட சேத்து’... கட்டையனுக்குச் சுருக்கென்று குத்தியது. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டான்.

மறுநாள் ஒயரிங்காரரிடம் போனான். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “டைனமோ விடுற குப்பை சத்தம்ணே இது. ரேடியோ ஒயரை எஞ்சின் ஒயரோட சேத்துக் கட்டி வச்சிருக்காங்க, அதான் ஏறுது” என்றார். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்குத் தனி ஒயர் இழுத்தார். ஊளை பாதியானது. லாரியின் அடிச்சட்டமான சேஸியில் பெயின்ட்டைச் சுரண்டி எர்த் பட்டையை இறுக்கினார். இன்னும் இறங்கியது. டைனமோவில் இரைச்சலை உறிஞ்ச ஒரு கண்டென்சர் வைத்தார். நூல் மாதிரி மெலிசாக மிஞ்சியது... ஈஈஈ... கடைசியாக ஏரியலின் அடி போல்ட்டைக் கழற்றி, துருவைத் துடைத்து முடுக்கினார்.

நின்றது.

நின்ற அந்த நொடி, ரேடியோவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பட்டனிலிருந்து விரலை எடுத்தால் வருமே, அந்தச் சத்தம்.

“யாரோ லைன்ல இருந்திருக்காங்க போலண்ணே” என்றார் ஒயரிங்காரர்.

கட்டையன் மூச்சை இழுத்தான். கேபினில் கிராம்பு வாசம் இல்லை. டீசல் வாசம் மட்டும். ஆளைக் காலி பண்ணியாச்சு என்று வாய்விட்டே சொல்லிச் சிரித்தான். கேபினைக் காலி பண்ணினவன் எங்கே போவான் என்று யோசிக்கவில்லை, மடையன்.

அதற்கு மறுநாள்தான் அந்த உச்சிப்பொழுது. குவாரியில் லோடு ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்தான். மைக்கை எடுத்தான்.

“லோடு ஏத்தியாச்சு. கிளம்பிட்டேன்.”

ஓர் இரைச்சல் இல்லை. அவன் குரல் மட்டும் பளிச்சென்று போயிருக்கும். அவள் கேட்டாள்:

“யாருங்க பேசறது?”

“நான்தான்டி!”

பிறகு ரேடியோவில்... ஊய்ய்ய்ங்.

கட்டையன் எஞ்சினை நிறுத்தினான். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். ஊளை நிற்கவில்லை. ஏறியது. இரண்டாம் கியர்... மூன்றாம் கியர். சாலையைப் பார்த்தான். முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் இல்லை, தூசிகூடக் கிளம்பவில்லை. ஆனால் சத்தம் போகும் வழி அவனுக்குத் தெரிந்தது. தினமும் ஓட்டுகிறவன் அல்லவா? இப்போது மேடு, முக்கி ஏறுகிறது. இப்போது பாலம், தடதட. இப்போது எடைமேடைக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை, தணிகிறது... அடுத்தது ஆபீஸ் வாசல்.

மைக்கில் கத்தினான். “போகாதே! வெளியே போகாதே!” எங்கே ஏறும்? அந்தப் பக்கம் பட்டனை ஒருத்தன் பிடித்திருக்கிறான்.

ஊளை தாழ்ந்து ஒரே சீராக ஓடியது. வண்டி நிற்கிறது. கிறீச்... கதவு. சரளைக்கல்லில் யாரோ ஓடி வரும் சத்தம். பிறகு அவள் குரல், மைக்குக்குப் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு:

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

டக்.

கட்டையன் லோடோடு எப்படி ஓட்டி வந்தானோ, அவனுக்கே தெரியாது. ஆபீசில் ரேடியோ முன்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. உள்ளறையில் இருந்த மேனேஜர் எந்த வண்டியும் வரவில்லை என்றார். மேசைக்கு அடியில் அவள் செருப்பு கிடந்தது. நெருப்பாய்க் கொதிக்கிற முற்றத்தில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். கட்டையன் அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் அழுதான். அவன் வண்டி வந்தால் அவள் நாற்காலியை விட்டுக்கூட எழுந்ததில்லை.

அவளைத் தேடாத இடமில்லை. ஒரு தடயம் இல்லை. ஒருநாள் அவனே லாரிக்கு அடியில் படுத்து, புது ஒயரைப் பிடுங்கினான், கண்டென்சரைக் கழற்றி எறிந்தான், எல்லாவற்றையும் பழையபடி சேர்த்துக் கட்டினான். எஞ்சினைப் போட்டு, ரேடியோவில் காதை வைத்தான். சத்தமே இல்லை.

இப்போதும் ஓட்டுகிறான். உச்சி வெயில் நேரத்தில் மற்ற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் ரேடியோவில் அந்த ஊளை வரும். அதற்குள்ளே ஒரு பெண் சிரிப்பாளாம்... கொஞ்ச நேரம் ஓட்டுவதை மறந்து கேட்பார்களாம். கட்டையன் ஆசையாய் ஓடிப்போய் அவர்கள் வண்டியில் ஏறுவான்.

அவன் ஏறியதும்... டக்.