ஆறாம் கட்டிலுக்கு நேரே இருந்த வார்த்தை

வார்டில் என்னைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. மருத்துவமனைக்குப் பின்புறமுள்ள ஊழியர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் கணவருடன் வசிக்கிறேன். ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் பதினோரு வருடமாக ஆயா வேலை பார்க்கிறேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.

சம்பவத்தன்று பிற்பகல் ஒன்றரை மணிக்கு வேலைக்கு வந்தேன். காலை நர்ஸ் அவசரமாக ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டியிருந்ததால், அடுத்த நர்ஸுக்கென்று ஏட்டில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அடுத்த நர்ஸ் அதுவரை வரவில்லை. அதன் பிறகு நான் ஏட்டைப் பார்த்தேன். ஆறாம் கட்டிலுக்கு நேரே 'ரெஸ்டிவ்' என்று ஒரே வார்த்தை இருந்தது. அந்தக் கட்டிலில் இருந்தவர் தலையில் அறுவைச் சிகிச்சை முடிந்த பஸ் ஓட்டுநர். ரெஸ்ட் என்றால் ஓய்வு என்று தெரியுமாதலால், நன்றாக ஓய்வெடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். வலது கால் மட்டும் பிரேக் மிதிப்பதுபோல் போர்வைக்குள் அமுங்கி அமுங்கி எழுந்தது. மனதுக்கு ஒருமாதிரி இருந்தும் எழுதியிருந்ததையே நம்பினேன்.

அதன் பிறகு அவர் மகள் போன் செய்து, லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டார். "ஓய்வா இருக்காரும்மா, வேலைய முடிச்சிட்டு நிதானமா வா" என்றேன். அதன் பிறகு கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கி விரிப்பைச் சரிசெய்தேன்; திரும்ப ஏற்றவில்லை. அழுக்குத் துணிகளைக் கீழே கொடுத்துவிட்டு இரண்டு நாற்பதுக்கு வந்தபோது கட்டில் காலி. குளுக்கோஸ் குழாய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கழிவறை, நடை, லிப்ட் எல்லாம் தேடிய பிறகு பார்த்தால், படிக்கட்டுத் திருப்பத்தில் விழுந்து கிடந்தார். "வண்டிய எடுக்கணும், விடுங்க" என்றார். நான்கு மணிக்கு இறந்துபோனார். மகள் ஐந்து மணிக்கு வந்தார்.

அதன் பிறகு காலை நர்ஸ் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்: "ரெஸ்டிவ்னா அடங்காம தவிக்கிறார்னு அர்த்தம்க்கா. எந்திரிச்சு எந்திரிச்சு ஓடப் பாத்தார். அதான் கம்பிய ஏத்திட்டுப் போனேன்." அந்தக் குறிப்பின் கீழே மருத்துவர் கையெழுத்தும் இருக்கிறது, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

தலைமை நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, "உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிடு, உன் மேல ஒண்ணும் வராது" என்றார். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த விசாரணை அறையிலும் நாற்காலி கொடுத்தும் நின்றுகொண்டுதான் சொல்கிறேன். எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தேன். பக்கத்து வார்டு நர்ஸிடம் அர்த்தம் கேட்டிருக்கலாம். ஆயாவுக்கு எதற்கு இதெல்லாம் என்று சிரிப்பாரோ என்று கேட்கவில்லை.

நான் சொன்னதை எழுதிக்கொண்ட விசாரணை அதிகாரி, அதை வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாமென்று நானே வரிவரியாக வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)