அதே பத்தி, இன்னொரு வாட்டி

அன்பானவங்களே... இந்த இடத்துல ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்லிட்டு மேல போறேன். சின்னதுதான், கேளுங்க.

ஃப்ளோரா டீச்சர்னு ஒருத்தங்க. வரலாறு டீச்சர். ரிட்டயர் ஆனப்புறம், கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்புவாங்க. அப்படி அவங்க குரலை நம்பியே பி.ஏ. படிச்ச பொண்ணு, முத்தரசி.

டீச்சருக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல... ஆனா குரல் மெலிஞ்சு போச்சு. மைக்ல பதிஞ்சா, குரலைவிட 'உஸ்ஸ்ஸ்'ங்கிற இரைச்சல்தான் பெருசாக் கேட்டுது. டாக்டர் சொல்லிட்டார்: "பேசலாம்மா. ஆனா கொஞ்சமாப் பேசணும். வலிச்சா நிறுத்திடணும்."

வீட்டுக்காரர் அமல்தாஸுக்கு மனசு கேக்கல. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர்னு கை பழகின மனுஷன். "ஃப்ளோரா, ஒன் குரலை நான் எடுத்துக் காட்டுறேன் பாரு"ன்னு, மைக்குக்கு ஒரு ப்ரீஆம்ப், அதாவது சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற சின்னப் பெட்டி, அவரே செஞ்சார். அதோட உயிரே உள்ள இருக்கிற எட்டுக்கால் ஐசி சிப்தான். ஆப்-ஆம்ப்னு சொல்வாங்க. மெல்லிய சத்தத்தைப் பெருசாக்கித் தர்றது அதுதான். அதைக் கழட்டி வேற ஒண்ணு மாட்டுற மாதிரி சாக்கெட் வச்சிருந்தார்.

டீச்சர் வாசிச்சாங்க. முத்தரசி போன் பண்ணி, "டீச்சர், பக்கத்துல ஒக்காந்து சொல்லித் தர்ற மாதிரியே இருக்கு!"ன்னா. அதோட விட்டிருக்கலாம் இல்லையா? விட்டாரா?

இதைவிட இரைச்சல் கம்மியா ஒரு ஐசி இருக்குன்னு இண்டர்நெட்ல படிச்சார். வாங்கி மாட்டினார். "ஃப்ளோரா, அந்த உப்பு வரிப் பத்தியைப் படி." படிச்சாங்க. அடுத்தது மாட்டினார். "அதே பத்தி, இன்னொரு வாட்டி." படிச்சாங்க. விலை கூடின ஒண்ணு வந்துது. அது 'கீ...'ன்னு விசிலடிச்சுது. அதைப் பிடுங்கிட்டு வேற ஒண்ணு. "இன்னொரு வாட்டி ஃப்ளோரா... இன்னும் ஒரே ஒரு வாட்டி."

காதுல ஹெட்ஃபோன்... கண்ணு ஐசி மேல... டீச்சர் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கிறதை அவர் பார்க்கவே இல்ல. பாடமோ அங்கேயே நிக்குது. பரீட்சை நெருங்குது.

கடைசியில எல்லாப் பதிவையும் முத்தரசிக்கு அனுப்பினார். "எது நல்லா இருக்குன்னு சொல்லும்மா. ஒனக்குக் காது கூர்மை."

அவ கேட்டுட்டுக் கூப்பிட்டா. "சார்... இரைச்சல்ல எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. ஆனா, டீச்சருக்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஏம்மா கேக்குற?"

"முதல் பதிவுல எனக்குச் சொல்ற மாதிரி வாசிக்கிறாங்க. போகப் போக... எப்படா விடுவாங்கன்னு வாசிக்கிறாங்க சார்."

அமல்தாஸ் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டுத் திரும்பினார். டீச்சர் கண்ணை மூடிக்கிட்டுச் சுவத்துல சாஞ்சிருந்தாங்க.

"வலிக்குதா? ஏன் சொல்லல ஃப்ளோரா?"

டீச்சருக்குக் குரலே வரல. காத்துதான் வந்துது. "எனக்காகத்தான இவ்வளவும் செய்யுறீங்க... எப்படிங்க சொல்றது?"

அவர் மைக்கை அணைச்சார். உள்ள எந்த ஐசி இருக்குன்னுகூடப் பார்க்கல. பெட்டிக்கு மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கிட்டார். வெந்நீர் வச்சுக் கொண்டுவந்து கொடுத்தார்.

டீச்சர் தொண்டை தேற நாளாச்சு. மிச்சப் பாடத்தை யார் வாசிச்சா தெரியுமா? அமல்தாஸ்தான்! மன்னர் பேரெல்லாம் தப்புத் தப்பா வரும். டீச்சர் பக்கத்துல இருந்து கையைக் காட்டித் திருத்துவாங்க. முத்தரசி சிரிச்சுக்கிட்டே படிச்சா. பாஸும் பண்ணிட்டா.

அன்பானவங்களே... அமல்தாஸ் கெட்டவரா? இல்ல. பொண்டாட்டி மேல உயிரையே வச்சிருந்தவர். அந்த அன்புலதான் அவ்வளவும் செஞ்சார். ஆனா, யாருக்காகச் செஞ்சாரோ அவங்க முகத்தை அவர் பார்க்கல. நாமளும் பிள்ளைக்காக ஓடுறோம், பெத்தவங்களுக்காக ஓடுறோம், வீட்டுல இருக்கிறவங்களுக்காக ஓடுறோம். நாம நல்லது செய்யுறோம்கிற ஒரே காரணத்தாலயே, அவங்களால 'வலிக்குது'ன்னு சொல்ல முடியாமப் போயிடுது.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்க: "நான் செய்யுறது ஒனக்குச் சுகமா இருக்கா?" கேட்டுட்டு ஒடனே எழுந்து போயிடாதீங்க. பதில் வர கொஞ்சம் நேரமாகும்... ஒக்காந்திருங்க.