உடன் வந்தவர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் உங்கள் எழுத்தர் சிரமப்பட வேண்டாம், தாளைக் கொடுங்கள், வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். முப்பத்தொரு வருடமாக மருந்துக் கடை நடத்துகிறேன். டாக்டர்கள் கோழி கிளறியது போல எழுதி அனுப்புவதைப் படித்து, மாத்திரையைச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே ‘காலை ஒன்று, சாப்பிட்ட பின்’ என்று முத்து முத்தாக எழுதிக் கொடுப்பேன். எழுதாத உறை ஒன்றுகூட என் கையை விட்டுப் போனதில்லை. அந்த ஒழுங்கு இல்லாதவன் மருந்து விற்கக் கூடாது.

விசாரிக்கும் அதிகாரியும் பெண்ணாக இருப்பதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை, அம்மா. காலம் அப்படி ஆகிவிட்டது.

என் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். ஈர விரிப்பைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, இஸ்திரி போட்டது போல வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று நிர்வாகம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டது. திரும்ப மாட்டச் சொல்லி இவள் மனு மேல் மனுவாகக் கொடுத்தாள். அங்கே வேலை செய்கிற இருபத்திரண்டு பெண்களும் சேர்ந்து இவளைச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் தடுக்கவில்லை. பொழுதுபோக்கு எல்லோருக்கும் வேண்டும்தானே.

போன வருடம் பெண் தலைவர்கள் மாநாடு என்று ஓர் அழைப்பு வந்தது. “நீங்களும் வாங்களேன், தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு” என்றாள். கடையை அடைத்துவிட்டுப் போனேன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண், பெயர் அச்சடித்த அட்டை ஒன்றை இவள் கழுத்தில் மாட்டினாள். பெயருக்குக் கீழே ‘தலைவர்’ என்று இருந்தது. என் அட்டையில் பெயரே கிடையாது. ‘உடன் வந்தவர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். “அக்கா பைய நீங்க வச்சிக்கோங்க சார், உள்ள நெருக்கடியா இருக்கு” என்று இவள் கைப்பையையும் என் கையில் திணித்தாள். கடைசி வரிசையில், சுவரோரம், மடியில் பையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் கடை வாசலில் ஜனங்கள் எனக்காகக் கால் கடுக்க நிற்பார்கள். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

மேடையில் விமானம் ஓட்டுகிற பெண் ஒருத்தி, “பயம் வரும். பயத்தோடயே ஓட்டுங்க” என்றாள். நான் அவளுடைய பயணிகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன். ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா ஒருவர், “வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்காதீங்க” என்றார். இந்த மகா ரகசியத்தைக் கேட்டு முந்நூறு தலைகள் ஆடின. என் மனைவி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியாக ஒரு பிஸ்கட் தொழிற்சாலை முதலாளியம்மா வந்தார். “என்னப் பெரிய தலைவின்னு சொல்றீங்க. காலைல என் மாத்திரைய எடுத்துக் குடுக்கறதே எங்க வீட்டுக்காரர்தான். அவர் கை இல்லன்னா நான் இல்ல” என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அன்றைக்குச் சொல்லப்பட்டதில் உருப்படியான பாடம் அது ஒன்றுதான். அதை மனதில் குறித்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வந்த பிறகு இவள் வேறு ஆளாகிவிட்டாள். சண்டை போட்டாள் என்று சொல்ல மாட்டேன். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மரியாதையாகவே பேசினாள், அதுதான் பொறுக்கவில்லை. “எட்டு மணிக்குச் சங்கக் கூட்டம் இருக்கு, டீ நீங்களே போட்டுக்கோங்க” என்பாள். முன்பெல்லாம் எதையும் “தப்பா நினைச்சிக்காதீங்க” என்று தொடங்குகிறவள், நீதிபதி அம்மா சொன்னதற்காக அதை விட்டுவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று நிறுத்தி நிதானமாகப் பேசிப் பழகினாள். கடைக்கு வருகிற பெண்கள், “செயலாளர் அக்கா வீட்டுக்காரரா நீங்க?” என்று என்னிடமே கேட்டார்கள். என் கடையில், என் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு கேட்டார்கள்.

அவளுக்கு இரத்த அழுத்தம் உண்டு. பதினோரு வருடமாகக் காலையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டுவாள். வைப்பேன், வாயில் போட்டுக்கொள்வாள். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். நான் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து வைத்தேன். உங்கள் ஆய்வகம் அதைத் தூக்க மாத்திரை என்கிறது. அமைதிக்கானது என்று நான் சொல்வேன். ஒன்று இரண்டானதை அவள் கேட்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வாரத்தில் பலன் தெரிந்தது. கூட்டத்தில் பேச எழுந்தவள் பாதியில் என்ன சொல்ல வந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாளாம். “எனக்கு என்னமோ ஆகுதுங்க, வார்த்தை நாக்குல நிக்க மாட்டேங்குது” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்படிச் சாய்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தலையைத் தடவிக் கொடுத்தேன். “வயசாகுதில்ல. பொறுப்ப யார்கிட்டயாவது குடுத்துட்டு நிம்மதியா இரு” என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுபோல நல்ல மாலைகள் இருந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் பொறுப்பை அவள் விடவில்லை. இந்த வருட மாநாட்டில் தடுப்புக் கம்பியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அவளையே அழைத்தார்கள். அன்று காலை அமைதி மாத்திரை இரண்டு வைத்தேன். மேடையில் மூன்று வாக்கியம் பேசினாள். பிறகு கையிலிருந்த தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடம் சங்கடத்தில் நெளிந்தது. நான் மேலே ஏறிப்போய் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு, மீதியை நானே படித்தேன். என்ன கைதட்டல், அம்மா. முந்நூறு பெண்களும் எழுந்து நின்றார்கள். பிஸ்கட் முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படி ஒரு துணை அமையக் குடுத்து வச்சிருக்கணும்” என்றார். பெண்ணுரிமை பேசுகிறவர்களின் அறிவு எவ்வளவு ஆழம் என்று அன்றைக்கு அளந்துகொண்டேன்.

அத்தோடு நிறுத்திவிட நினைத்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. மறுநாள் சாப்பிடும்போது அவள்தான் ஆரம்பித்தாள். “செவ்வாய்க்கிழமை நிர்வாகத்தோட பேச்சுவார்த்தை. கம்பிய மாட்டாம விடப் போறதில்ல. நாக்குக் குழறினா எழுதிக் காட்டறேன்” என்றாள். ஆகவே செவ்வாய்க்கிழமையும் இரண்டு வைத்தேன்.

பேச்சுவார்த்தை பதினோரு மணிக்கு. அதுவரை இயந்திரத்தில்தான் நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். ஒன்பதரைக்கு, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்ளே கொடுத்தவள் விடவேண்டிய நேரத்தில் விடவில்லை. நிறுத்துகிற விசை எதிர்ச் சுவரில் இருக்கிறது. மற்றவர்கள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை, படம் உங்களிடமே இருக்கிறது. கம்பி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நிர்வாகத்தின் அலட்சியம்தான் காரணம் என்று என் மனைவியே எத்தனை மனுவில் எழுதியிருக்கிறாள், எடுத்துப் பாருங்கள்.

வேலையில் தூங்கிவிட்டாள் என்று நிர்வாகம் சொன்னது. இவளும் தன் தப்புதான் என்று நம்பினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த மகள் என் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அந்த வாரத்துக்கான உறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து: ‘அவளுக்கு. காலை ஒன்று. கூட்ட நாளில் இரண்டு.’ அந்த உறைகளைப் படித்தபோது உங்கள் முகம் போன போக்கைக் கவனித்தேன். இப்படியும் ஒருவன் எழுதி வைப்பானா என்று நினைத்தீர்கள். எழுதாத உறைக்குள் மாத்திரை போட என் கைக்கு வராது, அவ்வளவுதான். தவளைக்கு வாய் எதிரி என்பது போல எனக்குக் கையெழுத்து.

மகள் உறைகளை மேசைமேல் பரப்பினாள். கத்தவில்லை. “பார்க்காமக்கூட கைய நீட்டுவாங்களேப்பா” என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள். படிக்க வைத்த பிள்ளை.

ஆம், நான்தான் கொடுத்தேன். என்ன மாத்திரை, எவ்வளவு, எந்த வேலைக்குப் போகிறவளுக்கு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். கம்பியை இப்போது மாட்டிவிட்டார்களாம். ஆக, அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அது யாரால் கிடைத்தது என்று எந்த மாநாட்டிலும் பேச மாட்டார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். மருத்துவமனையில் செவிலியர் மாத்திரை கொண்டுபோனால் அவள் இடது கையை இறுக மூடிக்கொண்டு, “யார் எடுத்துக் குடுத்தது?” என்று கேட்கிறாளாம். வாங்க மறுக்கிறாளாம். அதைப் பயம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கல்யாணம் ஆகாதவர் என்று நினைக்கிறேன், அம்மா. பதினோரு வருடப் பழக்கம். வேறு யார் கையாலும் அவளுக்கு இறங்காது, என்னைத்தான் தேடுகிறாள்.