உள்ளங்கை காட்டிய நர்ஸ் மீது போட்ட பழி

ஆபரேஷனின்போது எங்கள் தியேட்டர் நர்ஸ் எச்சரிக்கவில்லை என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் எழுதியிருப்பது பொய். அந்தப் பொய்யால் அவர் சஸ்பெண்டு ஆகி வீட்டில் இருக்கிறார்.

எனக்கு வயது அறுபத்து மூன்று. ஆஸ்பத்திரியின் பின்புறம், ஊழியர் குடியிருப்பில் மாடிப்படியை ஒட்டிய வீட்டில் வசிக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். பலரும் என்னைப் பெரியவர் என்பார்கள்.

முன்பெல்லாம் டாக்டர் மேஜையருகே நின்று ஆபரேஷன் செய்வார். நர்ஸ் உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து என்று பொருள். டாக்டர் உட்பட எல்லோரும் அப்படியே நிற்போம். அதன் பிறகு ரோபோ இயந்திரம் வந்தது. டாக்டர் மூலையில் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் முகத்தைப் பதித்துப் பார்த்தபடி இயந்திரக் கைகளை இயக்குவார். குரல் மட்டும் ஸ்பீக்கரில் வரும். முதல் நாள் நர்ஸ் என்னிடம், "அண்ணே, இனிமே டாக்டர் முதுகுக்குத்தான் வணக்கம் சொல்லணும்" என்றார். "காது வெளியதான் இருக்கு சிஸ்டர்" என்று ஸ்பீக்கரில் பதில் வந்தது. சிரித்தோம். பயிற்சிக்கு டாக்டரை மட்டும் அனுப்பினார்கள். எங்களுக்கு இயந்திரத்துக்கு உறை மாட்டக் காட்டியதோடு சரி.

சம்பவத்தன்று ஒரு தச்சருக்குச் சிறுநீரக ஆபரேஷன் நடந்தது. நடுவில் டாக்டர், "கை எங்கயும் இடிக்கலையே?" என்று கேட்டார். இயந்திரக் கை நோயாளியின் முழங்கையை அழுத்துவதைக் கண்ட நர்ஸ் உடனே உள்ளங்கையைக் காட்டினார். மயக்க மருந்து டாக்டரும் நானும் வழக்கப்படி அசையாமல் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சத்தம் வராததால் சரி என்று எண்ணி டாக்டர் இயந்திரத்தை நகர்த்தினார். அதன் பிறகுதான் நர்ஸ் அலறினார். முழங்கை எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. டாக்டர் எழுந்து வந்து, "ஏம்மா சொல்லல?" என்றார். நர்ஸின் கை அப்போதும் இறங்கவில்லை. அதை டாக்டர் பார்த்தார்.

அதன் பிறகு தச்சரின் மனைவி என்னிடம், "அத்தனை பேர் இருந்தும் என் வீட்டுக்காரர் கையைப் பாக்க ஆளில்லையா ஐயா?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் வாக்குமூலம் கொடுக்கப் போவதை அறிந்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றார். "இந்த வயசுலதான் சார் அதுக்கு நேரமிருக்கு" என்றேன்.

ஆகவே நிர்வாகம் சஸ்பெண்டு உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும். தச்சரின் மனைவியிடம் நடந்ததை நேரில் சொல்ல வேண்டும். தியேட்டர் ஆட்கள் அனைவருக்கும் ஒன்றாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். நாங்கள் கை காட்டுவதை விட்டு வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். பதில் காதில் விழும்வரை டாக்டர் இயந்திரத்தை அசைக்கக் கூடாது. எழுந்து வந்தபோது தான் கண்ட கையைப் பற்றி, டாக்டரும் என்னைப் போல இந்த விசாரணைக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். அத்தனையும் நான் கண்டதும் கேட்டதும். யார் சொல்லியும் மாற்ற மாட்டேன்.

(கையொப்பம்)