பொழுது சாய்ந்தால் திறக்காத வாய்

பெயர் ஜினசேனன், வயது 17, பன்னிரண்டாம் வகுப்பு, த/பெ. ஜெயபால், போளூர் சாலை, திருவண்ணாமலை. பல் மருத்துவர் கவிநிலா மீது என் அப்பா கொடுத்த புகார் சம்பந்தமாக, உதவி ஆய்வாளர் அருணாதேவி முன்பு, என் அம்மா தர்மவதி பக்கத்தில் இருக்க, நானே கைப்பட எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் என்னவென்றால்:

என் கீழ்த்தாடையில் வலது கோடியில் குடியிருந்த கடைவாய்ப்பல், சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குக் காலமானது என்பதை ஊராருக்கும் சட்டத்துக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். "தம்பி, கேட்டதுக்கு மட்டும் எழுது" என்று ஆய்வாளர் அம்மா சொன்னதால் இனி அப்படியே எழுதுகிறேன்.

ஊசி போட்டபோது நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதன் பிறகு டாக்டர் பல்லைப் பிடுங்கி, இரண்டு தையல் போட்டு, ஒரு வாரம் கஞ்சி மட்டும்தான், எதையும் கடிக்கக் கூடாது என்றார். நாங்கள் சமணர், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம் என்று அம்மா சொன்னதும், ராத்திரி என்று எழுதியதை அடித்துவிட்டுச் சாயங்காலம் ஐந்தரை என்று மாத்திரைச் சீட்டைத் திருத்திக் கொடுத்தார். இதற்கு முன் எந்த டாக்டரும் எங்களுக்காக நேரத்தை மாற்றியதில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி என்பதால் நண்பன் சரவணகுமாருக்குத் துணையாகக் கிரிவலப் பாதைக்குப் போய் ஏழரை மணிக்கு வீடு திரும்பினேன். திங்கட்கிழமை காய்ச்சல் வந்து, வலது கன்னம் பூசணிக்காய் ஆனது. செவ்வாய்க்கிழமை டாக்டருக்கு விடுமுறை. இருந்தும் எனக்காகக் கதவைத் திறந்து ஒரு மணி நேரம் புண்ணைச் சுத்தம் செய்து, தையல் பிரிந்து உணவுத் துகள் தங்கியதால் சீழ் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த அப்பா, "எம் பையன் பொழுது சாஞ்சா தண்ணிகூட குடிக்க மாட்டான். பகல்ல அவங்கம்மா கையால வெறும் கஞ்சி. துகள் எங்கேர்ந்து வரும்? உங்க இடுக்கியிலதான் அழுக்குங்க" என்றார். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்த்ததைத்தான் எழுதினேன் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அப்பா, அலட்சிய சிகிச்சை, ஆஸ்பத்திரியை மூட வேண்டும் என்று புகார் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம் நானும், ஐந்து வயதிலிருந்து என் வாய்க்கு ஆறரை மணிக்குப் பூட்டு என்று பெருமை பேசினேன். புகாருக்குப் பிறகும் டாக்டர் இரண்டு முறை அம்மாவுக்குப் போன் செய்து வீக்கம் வடிந்ததா என்று விசாரித்தார்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா வெளியே போனில் இருந்தபோது, டாக்டர் புண்ணிலிருந்து சிவப்பாக ஒரு தோலை எடுத்து என் கண் முன்னால் நீட்டி, "உங்க வீட்டுக் கஞ்சில வறுத்த கடலையும் போடுவாங்களா தம்பி?" என்றார். வாயில் பஞ்சு இருந்ததால் கை கூப்பினேன். "சரி, நான் சொல்லல. வீட்ல நீயே சொல்லிடு" என்றார். நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியே போகும் என்ற நிலையிலும் அவர் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் வறுகடலை வாங்கி, சரவணகுமாருக்குக்கூடக் கொடுக்காமல் கடித்துத் தின்றது நான்தான். டாக்டர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். பக்கத்திலிருந்து இதைப் படித்த அம்மா, "இன்னும் வலிக்குதாடா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா வெளியே பெஞ்சில் இருக்கிறார். இதை அவருக்குப் படித்துக் காட்டும்போது ஆய்வாளர் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், ஊசியைப் பார்த்ததும் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதில் அறுந்து என் கையோடு வந்த பொத்தான் ஒன்றை இத்துடன் ஒப்படைக்கிறேன். என்னைப் பற்றி நானே புகழ்ந்து சொன்ன இரண்டு இடங்களைத் தவிர, இதில் உள்ள மற்ற அனைத்தும் நான் அறிந்த உண்மை.

(ஒப்பம்) ஜெ. ஜினசேனன்